மிஸ்ட் கால் மகாத்மியம்

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் பேசுவதற்காகத்தான் ஹென்போன் வாங்கினார்கள் என்று எவராவது சரித்திரம் எழுதினால், அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கச்சான் மடிக்கக் கொடுத்துவிடுங்கள். பேசுவதற்கு நமக்கு வாய் இருந்தது, வேலி இருந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரு காதும் இருந்தது. ஹென்போன் வாங்கியது காசு செலவழிக்காமல் பேசுவதற்கு. இதைப் பிடித்துக்கொண்டால் நாற்பது வருட வரலாறும் தானாக விளங்கிவிடும்: எந்த போன் ஜெயித்தது, எது தோற்றது, எந்த அமைச்சர் கவிழ்ந்தார் என்பது உட்பட.

இந்தக் கலை ஹென்போனுக்கும் மூத்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வரிசைக்கு ஒரு வீட்டில் போன் இருந்த காலத்தில், வீட்டுக்காரர் டயல் வட்டின் துளையில் குட்டிப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொள்வார். அவர் வேலைக்குக் கிளம்பியதும் மகன் வருவான். ரிசீவரை எடுத்து, அது உட்காரும் கட்டையை எண்ணுக்குத் தக்கபடி டக் டக் என்று தட்டுவான். ஏழுக்கு ஏழு தட்டு, சுழியத்துக்குப் பத்து. பூட்டு அதுபாட்டுக்குத் தொங்கும், அழைப்பு அதுபாட்டுக்குப் போகும். மாதக் கடைசியில் பில் வந்ததும் ரோத்தான் பேசும்.

பொது போனில் இன்னும் சுத்தமான முறை இருந்தது. பத்துக் காசைப் போடு, எண்ணைச் சுற்று, மூன்று மணி அடிக்கட்டும், வைத்துவிடு. காசு கீழே வந்து விழும். கிள்ளானுக்குப் போன மாமா பத்திரமாகப் போய்ச் சேர்ந்த விஷயம் பிரிக்பீல்ட்ஸில் அத்தைக்குத் தெரிந்துவிடும். தொலைத்தொடர்பு இலாகாவுக்கு ஒரு சென் போகவில்லை.

1985இல் அந்த இலாகா நாட்டின் முதல் நடமாடும் போன் சேவையைத் தொடங்கியது. பெயர் ஆத்தூர் 450. சேலத்துப் பக்கம் இருக்கும் ஆத்தூர் இல்லை, 450 அங்கே போகிற பஸ்ஸும் இல்லை. 450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. கருவியின் உடம்பு காரின் பின்பெட்டிக்குள் கிடக்கும். ரிசீவர் மட்டும் டிரைவர் சீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கும். ஆக, போன் வாங்க ஆசைப்பட்டவர் முதலில் கார் வாங்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த யுகம் தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிட்டது.

1989இல் வந்தது ஆர்ட் 900. பின்னாளில் செல்கோம் என்று பெயர் பெற்ற கம்பெனி நடத்தியது. எண் 010இல் தொடங்கும். இது கையில் தூக்கக்கூடிய ரகம். தூக்கலாம் என்றால் தூக்கலாம், அவ்வளவுதான். இந்தக் குலத்தின் ஆதிமூலமான மோட்டோரோலா டைனாடேக் 1983இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியபோது எடை 790 கிராம், விலை 3,995 டாலர். பத்து மணி நேரம் சார்ஜ் போட்டால் அரை மணி நேரம் பேசலாம். அதன் தம்பிமார்களை நம் ஊரில் முதலில் தூக்கியவர்கள் லோரித் தவுக்கேகள், கான்ட்ராக்டர்கள், கட்சிக் கிளைத் தலைவர்கள். கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்ததும் முதல் காரியமாக அதை வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்துவார்கள். கெட்டிமேளத்துக்குத் தவில்காரர் கையை ஓங்கும் நேரம் பார்த்து எழுந்து, ஆண்டெனாவை இழுத்துவிட்டு, "ஹலோ, சிமெண்ட் வந்திருச்சா?" என்று கத்துவார்கள். மறுமுனையில் ஆள் இருந்தாரா என்பதை எந்த ஆய்வாளரும் விசாரிக்கவில்லை. சிமெண்ட் வந்ததா என்பதையும்.

மற்றவர்களுக்கு இடுப்பில் பீப்பர். அது கூவினால், அதில் தெரியும் எண்ணுக்குப் பேச பொது போன் தேடி ஓட வேண்டும். அவசரம் அடுத்தவருடையது, காசு நம்முடையது. நம் மக்களின் சுபாவத்துக்கு இவ்வளவு விரோதமான கருவி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அது செத்தபோது யாரும் தலைமுழுகக்கூட இல்லை.

1995 வாக்கில் வம்ச யுத்தம் மூண்டது. 012, 013, 016, 017, 018, 019 என்று ஆளாளுக்கு ஒரு கொடி. 016 வின்சென்ட் டான் வீட்டுக் கொடி. 019 தாஜுடின் ராம்லி வீட்டுக் கொடி. 012 நம்ம பிரிக்பீல்ட்ஸ் பையன் வீட்டுக் கொடி.

அந்தப் பையன் ஆனந்த கிருஷ்ணன். 1938இல் பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். விவேகானந்தா தமிழ்ப்பள்ளி, விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், அப்புறம் மெல்பர்ன், அப்புறம் ஹார்வர்ட். இரட்டைக் கோபுரம், ஆஸ்ட்ரோ, 1996இல் விண்ணுக்குப் போன மியாசாட் செயற்கைக்கோள் என்று எங்கே தொட்டாலும் அவர் கை இருக்கும். ஆனால் ஆள் இருக்க மாட்டார். நாட்டையே பேசவைத்து அதற்குக் காசு வாங்கியவர், தான் மட்டும் பத்திரிகைக்காரர்களைக் கண்டால் ஒதுங்கிவிடுவார். பேட்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. சரக்கு விற்பவன் சரக்கைத் தொடக்கூடாது என்ற வியாபார தர்மத்தை இவ்வளவு கறாராகக் கடைப்பிடித்தவர் வேறு யாருமில்லை. பிரிக்பீல்ட்ஸில் பாதிக் குடும்பங்கள், "எங்க தாத்தாவும் அவரும் ஒரே பெஞ்சு" என்று சத்தியம் செய்யும். கணக்குப் பார்த்தால் அந்த பெஞ்சு சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து பங்சார் வரைக்கும் நீண்டிருக்க வேண்டும்.

உள்ளூர் போதாதென்று 2006இல் அவருடைய மேக்சிஸ், சென்னையின் ஏர்செல்லில் 74 சதவீதத்தை வாங்கியது. அந்த விவகாரத்தைப் பற்றி வக்கீல்கள் போதுமான அளவு பேசிவிட்டார்கள். நாம் நம் தெருவுக்குத் திரும்புவோம்.

நம் தெருவில் எண்ணை வைத்துக் குலம் கணித்தார்கள். ஸீரோ-ஒன்-டூ என்றால் பசையுள்ள ஆள். ஸீரோ-ஒன்-நைன் என்றால் தோட்டப்புறம் போய்வருகிறவர். ஸீரோ-ஒன்-சிக்ஸ் என்றால் மாணவர், அல்லது மாணவராகவே காலம் தள்ளுகிறவர். பெண் பார்க்க வந்த இடத்தில் கோத்திரம் கேட்காத பெரியவர்கள், "தம்பிக்கு நம்பர் என்னா?" என்று கேட்டார்கள். முழு எண்ணையும் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. முதல் மூன்றோடு பேனாவை மூடிவிட்டார்கள். எண்களைக் கூட்டி, கூட்டுத்தொகை ஒன்பது வந்தால்தான் சிம்மைத் தொடுவேன் என்று அடம்பிடித்தவர்கள் தனிக் கட்சி. 2008 அக்டோபரில், எண்ணை மாற்றாமலேயே கம்பெனி மாறலாம் என்று அரசாங்கம் அறிவித்ததும் இந்த வருணாசிரமம் ஒரே நாளில் குலைந்தது. 012காரர் 016 வீட்டில் குடியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. இவ்வளவு சத்தமில்லாமல் குல பேதத்தை ஒழித்த சட்டம் வேறெந்த நாட்டிலாவது உண்டா?

நான் வேகமாகப் போய்விட்டேன். 1998க்கு வருவோம். ஆசியப் பொருளாதாரம் குப்புற விழுந்து, வெள்ளியை டாலருக்கு 3.80 என்று செப்டம்பரில் ஆணி அடித்து நிறுத்திய வருஷம். பாக்கெட்டில் காசில்லாத அந்த நேரம் பார்த்துத்தான் முன்பணக் கார்டு வந்தது: 016இல் 1998, மேக்சிஸின் ஹாட்லிங்க் 1999. அதுவரை போன் இணைப்புக்குச் சம்பளச் சீட்டு, வைப்புத்தொகை, மாதக் கடைசியில் மாரடைப்பு. இப்போது எதுவும் வேண்டாம். கார்டை வாங்கு, பத்துக் காசு நாணயத்தால் சுரண்டு, எண்ணைக் குத்து. பில் கிடையாது, பில் இல்லாததால் ரோத்தானும் கிடையாது. 2006இல் முன்பண எண்களையெல்லாம் அடையாளக் கார்டோடு பதியச் சொல்லும்வரை எந்த சிம் எவருடையது என்று கேட்பாரில்லை. நம் சமூகத்தின் காதல் வரலாற்றில் அது பொற்காலம்.

கார்டில் காசு ஏறிவிட்டது. இனி அதைக் கரையாமல் காக்க வேண்டும். மிஸ்ட் கால் சாஸ்திரம் இங்கேதான் முழு வளர்ச்சி அடைந்தது. ஒரு மணி: கீழே நிற்கிறேன், இறங்கி வா. இரண்டு மணி: ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன், மோட்டாரில் ஏற்றிக்கொள். மூன்று மணி: அப்பா வீட்டில் இருக்கிறார், வராதே. கைதவறி யாராவது போனை எடுத்துவிட்டால் அன்றைக்குக் குடும்பமே இரண்டுபடும். "ஏண்டா எடுத்த? எவன்டா உன்ன எடுக்கச் சொன்னது?" போனை எடுத்ததற்காகத் திட்டு வாங்கிய இனம் உலகிலேயே நாம்தான் என்று நினைத்திருந்தேன், தமிழ்நாட்டிலும் இதே கதை என்று பிறகு தெரிந்தது. மரபணு.

2000 செப்டம்பரில் நோக்கியா 3310 அறிவிக்கப்பட்டது. 133 கிராம். உலகம் முழுக்கப் பன்னிரண்டு கோடிக்கு மேல் விற்றது. அதில் ஒன்றை லோயாட் பிளாசாவில் ஒரு தமிழ்க் குடும்பம் எப்படித் தேர்ந்தெடுத்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குடும்பம் மொத்தமும் போகும். மகன் பாம்பு விளையாட்டு இருக்கிறதா என்று பார்ப்பான். மகள், சினிமாப் பாட்டை மணியோசையாக ஏற்றலாமா என்பாள். அம்மா உறையின் நிறம் பார்ப்பார். கடைக்காரச் சீனப் பையன், "தாஹான்லா அங்கிள், ஜாத்தோ பூன் தா அப்பா" என்று கீழே போட்டே காட்டுவான். அப்பா எதற்கும் அசைய மாட்டார். போனை வாங்கிச் சட்டைப் பையில் போடுவார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மெதுவாக இடுப்பை வளைத்து, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி முழுசாகக் குனிவார். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். போன் பைக்குள்ளேயே கிடந்தால், "எவ்ளோ?" என்று கேட்பார். 79 கிராமில் அழகு காட்டிய நோக்கியா 8210 இந்தச் சோதனையில்தான் பலருடைய வீட்டுக்குள் நுழையாமல் போனது. குனிந்தால் பாய்ந்துவிடுகிற பொருளைக் கழிவறைக்குக் கொண்டுபோகிற தைரியம் அந்தத் தலைமுறைக்கு இல்லை.

அடுத்து குறுஞ்செய்தி. ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து சென், 160 எழுத்து. தமிழை ஆங்கில எழுத்தில் குத்த வேண்டும். ஒரு பொத்தானில் மூன்று நான்கு எழுத்து என்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உழைப்புக் கணக்கு உண்டு. "அம்மா"வுக்கு நாலே அமுக்கு. "அப்பா"வுக்கும் நாலு. ஆனால் "சாரி" என்று ஆங்கிலத்தில் முறையாக எழுத பதினாறு அமுக்கு. நம் வீடுகளில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் போனதற்குப் பரம்பரைத் திமிரைக் காரணம் சொல்கிறார்கள். எனக்கு நோக்கியாவின் மேல்தான் சந்தேகம். 2005 பொங்கலுக்கு முரசு முத்து நெடுமாறனின் செல்லினம் சிங்கப்பூரில் வெளிவந்து, தமிழிலேயே செய்தி எழுத வழி பிறந்தது. ஆனால் தமிழ் எழுத்து என்றால் ஒரு செய்திக்கு 70 இடம்தான், கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. மொழிப்பற்று ஒரு பக்கம், பதினைந்து சென் ஒரு பக்கம். எது ஜெயித்தது என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்.

அந்த நாளில் அதிகம் ஓடியது சங்கிலிச் செய்தி. பாலைக் குடித்த பிள்ளையார், கண் திறந்த அம்மன், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் மூன்று நாளில் நல்ல செய்தி, அனுப்பாவிட்டால் ரத்தம் கக்கிச் சாவு. பகுத்தறிவாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சமூகம் ஓர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது என்பது அவர்களுக்கும் தெரியவில்லை, அரசாங்கத்துக்கும் தெரியவில்லை.

2007 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணி. நம் முன்னோரைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்து நட்டாற்றில் விட்டுப்போன பிரிட்டனிடம் ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் நட்ட ஈடு கேட்டு வழக்கு. எலிசபெத் ராணிக்கு ஒரு மனு. மனுவைக் கொடுக்க ஜாலான் அம்பாங்கில் பிரிட்டிஷ் தூதரகத்துக்கு முன்னால் கூட வேண்டும். பேரணிக்குத் தடை, நீதிமன்ற ஆணை, சாலைத் தடுப்பு எல்லாம் தயார். பெரிய பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் போகாதே போகாதே என்றன. சட்டைப் பையிலிருந்த குட்டிப் போன்கள் இடத்தையும் நேரத்தையும் சொல்லி, பத்துப் பேருக்கு அனுப்பு என்றன. ரத்தம் கக்கப் பயந்து அனுப்பிப் பழகிய கட்டைவிரல்கள், இந்த முறை கோபத்தில் அனுப்பின. கண்ணீர்ப்புகையையும் இரசாயனத் தண்ணீரையும் மீறிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் நின்றார்கள். பத்து லட்சம் டாலரை அன்றைக்கே பணமாகத் தருவார்கள் என்று நம்பி வந்தவர்கள் சிலரும் அதில் உண்டு என்று கேலி பேசுவார்கள். இருக்கட்டும். காசு வாங்க வந்தவனும் அதே புகையில்தான் இருமினான்.

2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. 1979 முதல் ம.இ.கா.வின் தலைவராக இருந்த சாமிவேலு, தன் கோட்டையான சுங்கை சிப்புட்டில் தோற்றார். பொதுப்பணி அமைச்சர் என்றுதான் அவரை எல்லோருக்கும் ஞாபகம். ஆனால் 1989 முதல் 1995 வரை அவர் வகித்த இலாகா எது தெரியுமா? எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல். நாட்டில் ஹென்போன் வம்சங்கள் வரிசையாக முளைத்த அதே வருஷங்கள். தன் நிழலில் முளைத்த செடி, பதின்மூன்று வருஷம் கழித்துக் குறுஞ்செய்தியாகக் காய்த்து அவர் தலையிலேயே விழுந்தது. கேமரா கிடையாது, இண்டர்நெட் கிடையாது. கூப்பிடவும் செய்தி அனுப்பவும் மட்டும் தெரிந்த போன்கள் செய்த வேலை இது.

சின்ன போனை வேறு விதமாகத் தேர்ந்தெடுத்தவர்களும் பிரிக்பீல்ட்ஸில் இருந்தார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கி இங்கேதான் இயங்குகிறது. அதனால் பார்வையற்ற உடம்புபிடி நிபுணர்களின் கடைகளும் இங்கே வரிசையாக உண்டு. அவர்களில் ஒரு அண்ணன் போன் வாங்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். கடைக்காரர் நிறம் சொன்னார், கேட்கவில்லை. விலை சொன்னார், கேட்கவில்லை. அவருடைய கட்டைவிரல் மட்டும் ஐந்தாம் எண்ணின் மேலிருக்கும் அந்தக் கடுகளவு மேட்டைத் தேடியது. கிடைத்ததும் அங்கிருந்து மேலே, கீழே, பக்கவாட்டில் ஒரு சுற்று. ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி அது திரும்பி எழுகிற வேகத்தைப் பார்த்தார். தகடுபோல் தட்டையான பொத்தான்களோடு அப்போது புதிதாக வந்த ஒரு மெல்லிய மாடலைக் கடைக்காரர் பெருமையாக நீட்டினார். அண்ணன் ஒருமுறை தடவிப் பார்த்து, "வழவழன்னு இருக்கே, இதுல எங்கப்பா நம்பர வச்சிருக்கான்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நோக்கியா 1100தான் வாங்கினார்.

2003இல் வந்த அந்த 1100, உலகத்தில் 25 கோடி விற்று சரித்திரத்திலேயே அதிகம் விற்ற போன்களில் ஒன்றானது. 86 கிராம், தூசி புகாத பொத்தான், தலையில் ஒரு டார்ச்லைட். அந்த டார்ச்சுக்காக நம் ஆட்கள் வாங்கினார்கள். கோயில் திருவிழா முடிந்து இரவு பத்து மணிக்குச் செருப்புக் குவியலில் தன் ஜோடியைத் தேடிய எவருக்கும் அந்தப் பின்லாந்துக்காரனின் அருமை தெரியும். (அடுத்தவர் ஜோடி நல்லதாக இருந்தால், அதுவும் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும்.)

அப்புறம் தொடுதிரை வந்தது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், அலுப்பானது. சின்ன போன்காரர்கள் கொஞ்சம் அவமானப்பட்டது 2020இல். பெருந்தொற்றுக் காலத்தில் கடைக்குக் கடை மைசெஜாத்ரா செயலியின் கட்டத்தைப் படம்பிடிக்கச் சொன்னார்கள். படம்பிடிக்கப் போன் இல்லாதவருக்கு வாசலில் ஒரு நோட்டுப் புத்தகமும் நூலில் கட்டிய பேனாவும். உடல் சூடு, பெயர், போன் எண் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதில் முந்தைய வரிகளில் யார் பெயர் இருக்கிறது என்று நிதானமாகப் படித்து, "ஓ, இவன் இப்பல்லாம் இங்கதான் வாரானா" என்று தெரிந்துகொள்கிற சுகம் படம்பிடித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பழிவாங்கும் படலம் 2021 டிசம்பர் 31 அன்று. மலேசியா 3ஜியை மூடியது. 2ஜியை மூடவில்லை. "3ஜி போன் சார், எதிர்காலம்" என்று ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுத்து 2008 வாக்கில் வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்தியவர்களின் கருவிகள் ராவோடு ராவாக 2ஜிக்கு இறங்கின. பேரன் காடாத்துக்குத் தாத்தா நடந்து வந்தார். 2022இல் பேங்க் நெகாரா இன்னொரு குண்டைப் போட்டது: வங்கி ரகசிய எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்புவதைக் கைவிட்டு, பாதுகாப்பான வேறு வழிக்குப் போக வேண்டும். ஆக, சின்ன போன்காரர்கள் வங்கிக்கே நேரில் போகிறார்கள். ஏர்கண்டிஷன், நாற்காலி, பேச ஆள். புகார் ஒன்றும் வரவில்லை.

ஆனந்த கிருஷ்ணன் 2024 நவம்பரில் காலமானார். அவர் பிறந்த பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தன் பக்கத்துப் போன் கடைகளில் பொத்தான் போன்கள் இப்போதும் கிடைக்கும். கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டில், உறைகளுக்கும் சார்ஜர்களுக்கும் பின்னால் இருக்கும். கேட்டால் பையன் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் குனிந்து எடுப்பான். போன வாரம் கிள்ளான்காரர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், ஒன்றைக் கையில் வாங்கி உருட்டிக்கொண்டிருந்தார்.

"4ஜி இருக்காப்பா?"

"இருக்கு அங்கிள். ஆனா கேமரா சும்மா பேருக்குத்தான். டிக்டாக் இல்ல. பேஸ்புக் இல்ல. வாட்ஸ்அப் ஏறாது."

"வாட்ஸ்அப் ஏறாதுன்னா, குடும்ப குரூப்பு?"

"வராது அங்கிள்."

"கால வணக்கம், பூப்படம், அப்புறம் மச்சான் அனுப்புற மருத்துவக் குறிப்பு?"

"ஒன்னுமே வராது."

"ரெண்டு குடு. வீட்டம்மாவுக்கும் ஒன்னு."